வராத ஆளுக்கு சீட்டு

தி. நகர்,
7 ஜூலை 2025

ஜெனி,

உன் அம்மா இந்தக் கவரைக் கிழித்துப் போடாமல் உன் கையில் கொடுத்திருந்தால், முதலில் லூர்துமேரி அம்மாவுக்கு ஒரு கும்பிடு. ஆறு வருஷமாக உன் போனில் என் நம்பர் அடைபட்டுக் கிடக்கிறது. மெயில் அனுப்பினால் கிணற்றில் போட்ட கல். மிச்சம் இருந்தது தபால்காரர்தான். போஸ்ட் ஆபீஸில் கோந்து எங்கே இருக்கிறது என்று நான் தேடியதைப் பார்த்து, கவுண்டரில் இருந்த அம்மா சிரித்துவிட்டார்.

நான் பாலகணேஷ். 'படிக்கட்டு' பேண்டில் நடுவில் நின்று கத்தியவன். இப்போது ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில், சந்திரிகா அக்காவின் நைட்டிக் கடை வாசலில் நின்று கத்துகிறவன். "வாங்கக்கா, சுத்தமான காட்டன், துவைச்சாலும் சாயம் போகாது." உன் வரிகளைப் பாடிய அதே தொண்டை. நீ சிரிப்பாய் என்று தெரியும். சிரி.

அந்தத் தொண்டைக்குத்தான் இப்போது சீட்டுக் கிழிந்திருக்கிறது. பங்குனியில் கரகரப்பாக ஆரம்பித்தது. கத்தினதால் வந்தது என்று அக்கா பனங்கற்கண்டு கொடுத்தாள். அடையாறு பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். கேன்சர். டாக்டர் நல்ல மனுஷர், சுற்றி வளைக்கவில்லை. "குரல்வளைய முழுசா எடுத்துடணும். எடுத்தா பிழைக்க நல்ல சான்ஸ் இருக்கு" என்றார். "பேச்சு?" என்றேன். தன் கழுத்துக்குக் கீழே விரலை வைத்து, இங்கே ஓட்டை போடுவோம், இனி மூச்சு இதன் வழியாகத்தான் என்று காட்டினார். ஆகஸ்ட் பதினெட்டுக்குத் தேதி வைத்திருக்கிறார்கள். சம்மதக் கையெழுத்தை நான் இன்னும் போடவில்லை.

கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். 'கர்சீப்' பாட்டுக்கு மூன்றாவது சரணம் எழுதிக் கொடு. முதல் இரண்டும் கேள்வி, மூன்றாவதில் பதில் என்று நீதான் சொன்னாய். மனுஷன் எதற்காக வாழ்க்கை என்கிற இந்த பஸ்ஸில் ஏறினான் என்பதற்குப் பதில். அதை ஒருமுறை முழுசாகப் பாடிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்.

பாலா

*

பட்டினப்பாக்கம்,
12 ஜூலை 2025

பாலகணேஷ் அவர்களுக்கு,

அம்மா கவரைக் கிழிக்கவில்லை. மீன் கழுவின கையோடு தூக்கி வந்து, "அந்த நைட்டிக் கடைக்காரன் இன்னாத்துக்கோ கடுதாசி போட்டுக்கீறான், படிச்சிப் பாரு" என்று மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். உன் கடிதத்தில் இன்னும் வஞ்சிரம் வாசனை இருக்கிறது.

உன் தொண்டையைப் பற்றிப் படித்ததும் அழுதேன். அதை மறைக்க மாட்டேன். ஆனால் கடைசிப் பத்தியைப் படித்ததும் கோபம்தான் வந்தது. பாட்டு எழுதினால் கையெழுத்து, எழுதாவிட்டால் கிடையாது. இதற்குப் பேர் மிரட்டல். முன்பும் இப்படித்தான். "இன்னிக்கு நைட்டுக்குள்ள வரி வரலன்னா ஷோ கேன்சல்" என்பாய். அப்போது கேன்சல் ஆவது ஷோ.

நீ மறந்ததுபோல் நடிப்பதால் எழுதுகிறேன். மெட்டுப் போடும்போது அளவுக்காகக் கண்ணில் பட்டதையெல்லாம் டம்மியாகப் பாடுவாய். கடை போர்டு, போஸ்டர், சினிமா தட்டி, எது கிடைத்தாலும். பிறகு அந்த இடத்தில் நான் வார்த்தை வைப்பேன். அதுதான் நம் வேலை முறை. மூன்றாவது சரணத்துக்கு அன்றைக்கு திருவல்லிக்கேணி மெஸ்ஸில் உட்கார்ந்திருந்தோம், எதிரே கரும்பலகை, நீ அதைப் பாடினாய்:

இட்லி பொங்கல் பூரி தோசை
இன்னிக்கு மட்டும் ரவா கிச்சடி
உள்ள உக்காந்தா ஒரு ரேட்டு
பார்சல்னா அது தனி ரேட்டு

என் தம்பி ஆண்டனி அதற்கு டிரம்ஸ் வாசித்துப் பதிவு செய்தான். "கேள்வியா கேட்டுக்கினே போறியே ஜெனி, பதில் எப்போ?" என்று கேட்டான். அடுத்த வாரம் தருகிறேன் என்றேன். அந்த வாரம் டெங்கு காய்ச்சலில் அவன் போய்விட்டான். நாற்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வருகிறேன், பாட்டு யூடியூபில் ஓடுகிறது, மூன்றாவது சரணத்தில் இட்லி பொங்கலோடு. என் தம்பி கடைசியாக அடித்த அடியின் மேல் நீ டிபன் பரிமாறினாய், பாலகணேஷ். அது ஹிட் வேறு ஆனது.

கையெழுத்தைப் போடு. சரணம் இல்லை.

ஜெனிதா

*

தி. நகர்,
19 ஜூலை 2025

ஜெனி,

திட்டு கிடைத்தது. நன்றாக இருந்தது. உன் கையெழுத்து மட்டும் மாறவே இல்லை, 'ழ'வுக்கு அதே நீண்ட வால்.

டிபன் விஷயத்துக்கு நான் வக்கீல் வைக்கவில்லை. ஆண்டனி வாசித்தது ஹார்ட் டிஸ்க்கில் கிடந்து மக்கிவிடக் கூடாது என்று நினைத்தேன், நீ எழுதும் நிலையில் இல்லை, போட்டுவிட்டேன். அவ்வளவுதான். உனக்கு அது போதாது, எனக்கே போதவில்லை.

ஆனால் மிரட்டல் என்று எழுதினாயே, அதுதான் தைத்தது. மிரட்டவில்லை ஜெனி. எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. குரலை எடுத்துவிட்டு என்னை மட்டும் திருப்பிக் கொடுக்கிறேன் என்கிறார்கள். அந்த மிச்சத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அக்கா, "ஏல, பேசாம உக்காந்தாலும் பில்லு போடலாம்லா, கையெழுத்தப் போட்டுத் தொலையேன்ல" என்கிறாள். அவள் அழுகை அப்படித்தான் வரும், அதட்டலாக. பில் போடுவதற்காகவா ஒரு மனுஷன் பிழைப்பான் என்று அவளிடம் கேட்க முடியுமா? அவள் இருபது வருஷமாக அதைத்தானே செய்கிறாள்.

அதனால் உன் பாட்டிலேயே தேடலாம் என்று உட்கார்ந்தேன். ஊரில் ஆளாளுக்கு அதில் என்னென்னவோ கண்டுபிடித்தார்களே, பாடினவனுக்கு ஒன்று கிடைக்காதா?

கதவத் தட்டி வரல நான்
காரணம் கேட்டும் வரல நான்
எவனோ வீசின கர்சீப்பு
எனக்கா இந்த சீட்டு, சொல்லு

படித்துப் படித்துப் பார்த்தேன். யாரோ எனக்காக இடம் பிடித்து வைத்திருந்தான், நான் வந்து உட்கார்ந்துவிட்டேன் என்கிறாய். சரி, அப்படியானால் இடம் பிடித்தவன் எங்கே? சொன்னால் சிரிக்கக் கூடாது, செவ்வாய்க்கிழமை தி. நகர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். சைதாப்பேட்டை வழியாக அடையாறு போகிற பஸ் வந்து நின்றதும் ஜன்னல் வழியாகக் கர்சீப்பை வீசினேன். முண்டியடித்து ஏறி, அதற்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். யாருக்கு அந்த இடம் என்று யோசிக்காமல்தான் வீசினேன். உட்கார்ந்ததும் தெரிந்துவிட்டது. ஆண்டனிக்கு. அவன்தான் எப்போதும் ஓடி வந்து கடைசியில் ஏறுவான்.

பஸ் பிதுங்கியது. எல்லோரும் கர்சீப்பைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். ஆள் வருகிறார் என்று ஒவ்வொருவருக்கும் தலையை ஆட்டினேன். சைதாப்பேட்டையில் கூடையோடு ஒரு பூக்காரம்மா ஏறினார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, வராத ஆளுக்கு சீட்டா? எட்றா துணிய" என்றார். எடுத்துவிட்டேன். பாட்டில் தேடியதற்குக் கிடைத்தது அந்த வரிதான்.

இன்னொன்றும் நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். சஃப்வான் என்று ஒரு பையன், இருபத்தைந்து இருக்கும், திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கி ஏதோ கூரியர் கம்பெனியில் இருக்கிறான். என்னைத் தேடிப் பிடித்துக் கடைக்கு வந்தான். அவன் வாப்பா இறந்த சமயத்தில் நம் பாட்டுதான் அவனைக் காப்பாற்றியதாம். மூன்றாவது சரணம். 'இன்னிக்கு மட்டும்' என்றால் இன்றைய நாள் மட்டுமே நமக்குச் சொந்தம். 'உள்ள உக்காந்தா ஒரு ரேட்டு' என்றால் வாழ்க்கைக்குள் உட்கார்ந்தவன் அதற்கு விலை கொடுத்தே ஆக வேண்டும். அந்த வரிகளை வண்டிக்குப் பின்னால் எழுதி வைத்திருந்தான். நான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அது மெஸ் போர்டுடா தம்பி என்று சொல்லிவிட்டேன். முதலில் சிரித்தான். அப்புறம், "அப்ப உள்ள ஒண்ணுமே இல்லையாண்ணே?" என்றான். இல்லை என்றேன். உம்மாவுக்கு என்று எடுத்து வைத்த நைட்டியை ஸ்டூலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அவனுக்காகவாவது எழுது.

பாலா

*

பட்டினப்பாக்கம்,
25 ஜூலை 2025

பாலா,

சஃப்வானிடம் எதற்குச் சொன்னாய்? ஊமையாகப் போகிறவன் கொஞ்சம் முன்கூட்டியே ஆகித் தொலைத்திருக்கக் கூடாதா? அந்தப் பையன் வைத்திருந்த ஒன்றையும் பிடுங்கிவிட்டாய். படித்துவிட்டு உன்மேல் கோபத்தில் மத்தியானம் சாப்பிடவில்லை. அம்மா, "துன்றதுல இன்னா கோவம்?" என்று தட்டை என் முன்னால் நகர்த்திக்கொண்டே இருந்தாள்.

பஸ்ஸில் ஆண்டனிக்கு சீட்டுப் பிடித்ததைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. எழுத முடியவில்லை.

என்னைப் பற்றி நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு விளம்பரக் கம்பெனியில் இருக்கிறேன். ஆடிக்குத் துணிக்கடை, தீபாவளிக்குப் பட்டாசு, அட்சய திருதியைக்கு நகை. "அவள் புன்னகைக்கு நீங்கள் சேர்க்கும் பொன்னகை." இதை எழுதினதற்கு எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அம்மா அதன்மேல் கொசுவத்தி வைக்கிறாள். எனக்கென்று ஒரு வரி எழுதி ஆறு வருஷம் ஆகிறது.

உனக்காக எழுதிப் பார்த்தேன். ஆபீசில், டீ டைமில், மெஸ் போர்டு டம்மியின் அதே அளவில்:

விடியும் நாளை உனக்காக
விளக்காய் எரி நீ பிறருக்காக
வலியில் பூக்கும் வழியைப் பார்
வாழ்வே உனக்கு வரம்தானே

இதோ, பதில் கிடைத்துவிட்டது. பாடு. பாடிவிட்டுக் கையெழுத்தைப் போடு. மிரட்டல் இல்லை என்றாய், அதனால் இதை ஏற்றுக்கொள்வாய் என்று நம்புகிறேன்.

ஜெனி

*

தி. நகர்,
30 ஜூலை 2025

ஜெனி,

இதை நகைக்கடைக்குக் கொடு. இன்னொரு கேடயம் கிடைக்கும். கொசுவத்திக்கு ஜோடி சேரும்.

'வலியில் பூக்கும் வழி'யாம். ஆண்டனி இருந்திருந்தால் ஸ்டிக்கைக் கீழே போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான். நீ எனக்குப் பொய்யாக ஒன்றும் எழுதியதில்லை, அதனால்தான் உன்னிடம் வந்தேன். வேறு யாரிடம் கேட்டாலும் இந்த மாதிரிதான் கொடுப்பார்கள். டாக்டர், அக்கா, கடைக்கு வருகிற கஸ்டமர் வரைக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். "பாசிட்டிவா இருங்க தம்பி."

குரல் பாதி போய்விட்டது. இப்போது கடை வாசலில் அக்கா நின்று கூப்பிடுகிறாள். அவளுக்குக் கூச்சம், யாரும் திரும்புவதில்லை. ஆடித் தள்ளுபடிக் கூட்டம் எங்கள் சந்தைத் தாண்டி அப்படியே போகிறது. படியேறும்போது விசில் மாதிரி சத்தம் வருகிறது, என்னிடமிருந்துதான். பாட்டு மெட்டில் இருந்தால் பரவாயில்லை, அதுவும் இல்லை.

உண்மையாக ஒன்று இருந்தால் எழுது. இல்லை என்றால் இல்லை என்றாவது எழுது. கையெழுத்து அதற்கப்புறம்.

பாலா

*

பட்டினப்பாக்கம்,
8 ஆகஸ்ட் 2025

பாலா,

உன் கடிதம் வந்த மறுநாள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு தி. நகர் வந்தேன். உன் கடைக்கு எதிரே பொரிகடலைக்காரர் பக்கத்தில் நின்றேன். நீ உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து நைட்டிகளை மடித்துக்கொண்டிருந்தாய். கழுத்தில் துண்டு. ஒரு பெண் ஏதோ கேட்டாள், விரலால் சைஸைக் காட்டினாய். அவள், "பேச மாட்டீங்களா, வாய்ல இன்னா கொழுக்கட்டையா?" என்று சிரித்தாள். நீயும் சிரித்தாய். எதிர்ப்பக்கம் உன்னிடம் வராமல் அப்படியே பஸ் ஏறிவிட்டேன். இதையும் தெரிந்துகொள்.

இல்லை என்றால் இல்லை என்று எழுதச் சொன்னாய். இல்லை, பாலா. இதைத்தான் ஆறு வருஷமாக உன்னிடம் சொல்லாமல் கோபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். உன்மேல் கோபம் இருந்தது, நிஜம்தான். ஆனால் நீ டம்மியோடு பாட்டை வெளியிட்டிருக்காவிட்டாலும் அந்த இடத்தில் வைக்க என்னிடம் ஒன்றும் இருந்திருக்காது.

ஆண்டனியின் கடைசி நாளில் வார்டில் நான்தான் கூட இருந்தேன். என் கர்சீப்பால் அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தேன், துடைக்கத் துடைக்க வேர்த்தது. சாகப் போகிறவனுக்கு ஏதாவது தெரிந்திருக்கும் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம். குனிந்து, "டேய், பதில் இன்னாடா?" என்று கேட்டேன். பாட்டைப் பற்றித்தான் கேட்கிறேன் என்று அவனுக்குப் புரிந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். "ஃபேனைக் கொஞ்சம் கூட்டு ஜெனி" என்றான். எழுந்து போய்க் கூட்டினேன். திரும்பி வந்தபோது அவ்வளவுதான்.

அம்மாவிடம் அவன் மாதாவைக் கூப்பிட்டான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். கோயிலில் எல்லோரிடமும் அதைச் சொல்லிச் சொல்லி அவள் உயிரோடு இருக்கிறாள். உன் சஃப்வானுக்கு மெஸ் போர்டு மாதிரி அவளுக்கு அது. நான் அவளிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். நீ செய்ததை நான் செய்ய மாட்டேன்.

இன்று காலை பஸ்ஸில் நின்றுகொண்டே இது வந்தது. தேடவில்லை, தானாக வந்தது. அளவு சரியாக இருக்கும், டம்மியோடு சேர்த்து வாய்க்குள் பாடிப் பார்த்துவிட்டேன்:

ஃபேனக் கொஞ்சம் கூட்டச் சொன்னான்
பதிலு அதான், வேற இல்ல
காத்து வந்துச்சு, ஆளு போயிட்டான்
கர்சீப் இன்னும் காயவே இல்ல

இதில் உனக்கு ஒரு காரணமும் கிடைக்காது. ஆனால் பொய் இல்லை. பாடு. காரணம் இல்லாமலே கையெழுத்தைப் போடு. கோயிலில் முட்டி போட்டுக் கேட்கிற மாதிரி கேட்கிறேன், போட்டுவிடு.

ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புகிறேன்.

ஜெனி

*

அடையாறு, ஆஸ்பத்திரி,
29 ஆகஸ்ட் 2025

ஜெனி,

உன் கடிதம் ஒன்பதாம் தேதி கடைக்கு வந்தது. நான் எட்டாம் தேதியே இங்கே வந்துவிட்டேன்.

காலையில் ஷட்டரைத் தூக்கக் குனிந்தேன். மூச்சு உள்ளே போகவில்லை. அவ்வளவு சின்ன விஷயம். அக்கா தெருவில் நின்று கத்தினாள், அன்றைக்கு அவள் குரலுக்குச் சந்தே திரும்பியதாம். ஆட்டோவில் வரும்போதே எனக்குக் கண் இருட்டிவிட்டது. அவசரமாகக் கழுத்தில் ஓட்டை போட்டார்கள். அதற்கு முன்னால் ஒரு நர்ஸ் பேப்பரையும் பேனாவையும் கையில் கொடுத்தாள். யோசிக்கவே இல்லை ஜெனி. பாட்டு இல்லை, காரணம் இல்லை, உன் சரணம் இல்லை, சஃப்வான் இல்லை. காற்று வேண்டும், அவ்வளவுதான். எவ்வளவு பெரிய தத்துவமெல்லாம் பேசினேன் உன்னிடம்! கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டேன். பதினெட்டாம் தேதி குரல்வளையையும் எடுத்துவிட்டார்கள்.

உன் கடிதத்தை அக்கா இங்கே கொண்டுவந்து கொடுத்தாள். அவள் படிக்கவில்லை, கவரில் உன் பேரைப் பார்த்துவிட்டு, "அந்தப் புள்ளயா?" என்று மட்டும் கேட்டாள். நான் நாலு வரியையும் நாலு நாள் படித்தேன். நீ எழுதியதிலேயே நல்லது இதுதான். பாட ஆள் இல்லை.

மனசுக்குள் பாடிப் பார்த்தேன். மெட்டு வருகிறது, ஆண்டனியின் அடி வருகிறது. உன் வார்த்தை வர வேண்டிய இடத்தில் இட்லி பொங்கல்தான் வருகிறது. எத்தனை முறை ஆரம்பித்தாலும் அங்கே போய் விழுகிறது. ஆறு வருஷம் அதையே பாடிப் பழகிய ஆள், மன்னித்துவிடு.

சாப்பாடு மூக்குக் குழாய் வழியாக, வெள்ளையாக ஒரு கஞ்சி. போன வாரம் சஃப்வான் வந்தான். எங்கே விசாரித்தானோ தெரியாது. கையில் பொங்கல் பொட்டலம். "பார்சல்னா தனி ரேட்டுண்ணே" என்று சிரித்துக்கொண்டே நீட்டினான். அப்புறம்தான் குழாயைப் பார்த்தான். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. உட்காரு என்று சைகை காட்டினேன். வண்டியில் எழுதியிருந்ததை அழித்துவிட்டாயா என்று ஸ்லேட்டில் எழுதிக் கேட்டேன். "அழிச்சிட்டேன்ணே" என்றான். வேறு என்ன எழுதினாய் என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்று தலையாட்டினான்.

பொங்கலை அக்கா பிரித்தாள். நெய்யும் மிளகும் மிதக்கின்றன, கண்ணால் பார்க்கிறேன். வாசனை வரவில்லை. மூச்சு மூக்கு வழியாகப் போகாததால் இனி வாசனையும் அவ்வளவாக இருக்காதாம். இதை யாரும் முன்னாலேயே சொன்னார்களா, நான்தான் காதில் வாங்கவில்லையா தெரியவில்லை. அன்றைக்குத்தான் அழுதேன். அழுகைக்கும் சத்தம் வரவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் நான் இருமுகிறேன் என்று நினைத்து நர்ஸைக் கூப்பிட்டார்.

உங்கள் வீட்டுக்கு வந்தால் மீன் வாசனை என்று மூக்கைப் பொத்துவேனே, இனி அந்தத் தொல்லை உனக்கு இல்லை.

நேற்று விழுங்குகிற டெஸ்ட் செய்தார்கள். உள்ளே தையலில் கசிகிறதாம். குழாயை எடுக்க முடியாது. மறுபடி எப்போது என்று சொல்லவில்லை. எதற்காகப் பிழைத்தேன் என்று உன்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அது கூடக் கேட்கத் தோன்றவில்லை. இட்லி தின்ன வேண்டும் போல இருக்கிறது, வேறு எதுவும் இல்லை.

பாலா

*

பட்டினப்பாக்கம்,
4 செப்டம்பர் 2025

பாலா,

உன் கடிதத்தைப் படித்ததும் முதல் வேலையாக என் போனில் உன் நம்பரைத் திறந்துவிட்டேன். திறந்த பிறகுதான் உறைத்தது, இனி அதில் உன் குரல் வரப்போவதில்லை. ஆறு வருஷமாக யாரைத் தண்டித்தேன் என்று தெரியவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். ஒரு டீ ஆறிப் போனது.

அம்மாவிடம் சொன்னேன். "பேச்சே வராதா? சே, அந்த வாய்க்கா இந்த கெதி" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம பையன் அடிச்ச பாட்டு அவன்ட கீதில்ல, அத அழிக்க வேணாம்னு சொல்லு" என்றாள். ஆட்டோவில், டீக்கடையில் எங்கே அந்தப் பாட்டு கேட்டாலும் அவள் நின்று கேட்டுவிட்டுத்தான் வருவாளாம். எனக்கு இது தெரியாது. நான் டிபன் பரிமாறினாய் என்று உன்னைத் திட்டிக்கொண்டிருந்த காலமெல்லாம் அவள் தன் பிள்ளையின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அதனால் இட்லி பொங்கல் அப்படியே இருக்கட்டும். என் நாலு வரியை நீ வைத்துக்கொள்.

நேற்று கடைக்குப் போனேன். சந்திரிகா அக்கா என்னைப் பார்த்ததும் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்கள். உனக்கு மாற்றுத் துணி எடுத்து வைத்திருந்த பையை நான் கொண்டுபோகிறேன் என்று வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். அதே பஸ். கூட்டம் முண்டியது. ஜன்னல் வழியாகக் கர்சீப்பை வீசினேன். ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன், அந்த இடம் உனக்கு.

உனக்குத் தலையாட்டினால் போதுமாக இருந்திருக்கிறது. நான் பொம்பளை, எனக்கு விசாரணையே நடந்தது. "ஆளு வருதா, வரலையா?" வரும் என்றேன். "எந்த ஸ்டாப்ல?" தெரியாது என்றேன். சைதாப்பேட்டையில் ஏறின ஒருவர், "படிச்ச பொண்ணு மாதிரி கீது, பண்றது பாரு" என்றார். கண்டக்டர் வந்து, "யம்மா, இது இன்னா உங்க ஊட்டு சோபாவா?" என்றார். அடையாறு வரும் வரைக்கும் பஸ் முழுக்க என்னைத் திட்டியது. நியாயமாகத்தான் திட்டினார்கள், கால் கடுக்க நின்றவர்கள். நான் கர்சீப்பை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வந்தேன். உள்ளே வரவில்லை. நான் மட்டும் பேசிக்கொண்டிருப்பேன், நீ ஸ்லேட்டை அழித்து அழித்து எழுதிக்கொண்டிருப்பாய், அதை என்னால் பார்க்க முடியாது. பையை வாசலில் பேர் சொல்லிக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். உன்னிடம் வந்து சேர்ந்திருக்கும். உள்ளே நீலச் சட்டைக்கு அடியில் அந்தக் கர்சீப்பும் இருக்கும், துவைக்கவில்லை.

திருவல்லிக்கேணியில் அந்த மெஸ் இன்னும் இருக்கிறது. போய்ப் பார்த்தேன். போர்டில் எழுதுகிற ஆள் மாறியிருக்கிறார், கையெழுத்து மோசம். ரவா கிச்சடி வியாழக்கிழமை மட்டுமாம்.

கசிவு நின்றதும் அடுத்த டெஸ்ட் எப்போது வைக்கிறார்கள் என்று எழுது. தேதி மட்டும் எழுதினால் போதும். எதற்கு என்று எழுத வேண்டாம்.

ஜெனி